ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று, தம் அடிப்பதை எப்போது நிறுத்துவது?

வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் பல வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். வீடு தண்டையார்பேட்டை. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டரிடம் ‘ஃபிட்னஸ்’, அதாவது ஆபரேஷனை உடம்பு தாங்கும் என்ற சான்று, வாங்க வருகிறவர்களின் வரிசை எங்கள் வார்டு வாசல் வரை நீளும். அந்த வரிசையில் நின்றவர்கள் கேட்டது, அப்புறம் மீன் மார்க்கெட்டிலும் பஸ்ஸிலும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் கேட்டது, எல்லாம் சேர்ந்ததுதான் புகையை விடுவது பற்றிய இந்தக் கேள்விகள். முடிந்தவரை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்தணும்?

குறைந்தது 4 வாரம். 8 வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. 4 வாரமோ அதற்கு மேலோ முன்னால் விட்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைகின்றன. அந்த 4 வாரத்துக்கு அப்புறம் புகையில்லாமல் போகிற ஒவ்வொரு வாரத்துக்கும் பலன் 19 சதவீதம் கூடுகிறது என்று அதில் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. ஹெர்னியா (குடலிறக்கம்), பித்தப்பைக் கல், மூட்டு மாற்று மாதிரியான அவசரமில்லாத ஆபரேஷனுக்கு டாக்டர் “செய்துவிடலாம்” என்று சொல்லும் நாளுக்கும் தேதி கிடைக்கும் நாளுக்கும் நடுவில் பெரும்பாலும் சில வாரங்கள் ஓடிவிடும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை என்று அலைகிற நாட்கள் அவை. தேதி வரட்டும், அப்போது நிறுத்தலாம் என்று இருந்தால் அத்தனையும் வீண். டாக்டர் வாயைத் திறந்து சொன்ன அன்றே எண்ண ஆரம்பியுங்கள்.

தேதி அடுத்த வாரமே வந்துடுச்சு. இப்ப திடீர்னு விட்டா சளி கட்டிக்கும், விடாதேன்னு சொல்றாங்களே?

இதை நானே சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீனியர் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்தது அது: “கடைசி நேரத்துல விட்டா இருமல் அதிகமாகும், அப்படியே இருக்கட்டும்.” நானும் எத்தனையோ பேரிடம் ஒப்பித்தேன்.

1989-ல் அமெரிக்காவில் இதய பைபாஸ் செய்துகொண்ட 200 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதில் 8 வாரத்துக்கும் குறைவான நாட்களுக்கு முன்னால் விட்டவர்களுக்கு நுரையீரல் தொந்தரவு கொஞ்சம் கூடுதலாக இருந்த மாதிரி தெரிந்தது. ஆள் குறைவு, கணக்கும் உறுதியில்லாதது. ஆனால் “கிட்டத்தில் விடாதே” என்ற பேச்சு மட்டும் ஊர் ஊராகப் பரவிவிட்டது. 2011-ல் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, கடைசி வாரங்களில் விடுவதால் கெடுதல் வருகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

விட்டவுடன் சிலருக்கு இருமலும் சளியும் கூடுவது உண்மைதான். மூச்சுக்குழாயின் உள்சுவரில் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றன. சளியை மேலே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. புகை அவற்றை மயக்கிப் போட்டு வைத்திருக்கும். புகை நின்றதும் அவை எழுந்து குப்பையை வாரத் தொடங்குகின்றன. உள்ளே கிடந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஒரு வாரம் விடுங்கள்.

நாளைக்குக் காலையில ஆபரேஷன். ராத்திரி ஒண்ணே ஒண்ணு?

வேண்டாம். அந்த ஒரு ராத்திரிக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்கிறேன்.

புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்காரும். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி என்று வையுங்கள். நிறையப் பிடிக்கிறவர் ரத்தத்தில் 10 சதவீத இடம்வரைகூட இப்படிப் போயிருக்கலாம். நல்ல சேதி என்னவென்றால், புகையை நிறுத்தினால் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் அதில் பாதி வெளியேறிவிடும். 12 மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். நிகோடின் இன்னும் சீக்கிரம் இறங்கும். அதனால் நெஞ்சுத் துடிப்பும் பி.பி.யும் கொஞ்சம் அடங்கும்.

விரலில் கிளிப் மாதிரி மாட்டுகிறோமே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதற்கு இந்தத் திருட்டு தெரியாது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தமும் அதன் கண்ணுக்குச் சிவப்பாகவே தெரியும். ஒருவர் காலை ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இரண்டு இழுத்துவிட்டு வந்து, “பாருங்க சிஸ்டர், 98 காட்டுது” என்று விரலை நீட்டினார். திரையில் 98தான். வாயில் வாடை.

தம்முக்கும் மயக்க மருந்துக்கும் என்ன சம்பந்தம்? வெட்டப்போறது வயித்தைத்தானே?

முழு மயக்கம் கொடுக்கும்போது தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் வைப்பார்கள். புகை பிடித்துப் பழகிய மூச்சுக்குழாய் எப்போதும் எரிச்சலோடு இருக்கும், தொட்டால் சுருங்கும். டியூப் உள்ளே போகும்போதும் வெளியே எடுக்கும்போதும் இருமல், இழுப்பு, சிலசமயம் தொண்டையே இறுகி மூச்சு அடைப்பது எல்லாம் இவர்களுக்குத்தான் அதிகம். மயக்க மருந்து டாக்டர் முகத்தில் வியர்வை பார்க்கிற நேரம் அது.

ஆபரேஷன் முடிந்த பிறகு கதை வார்டுக்கு வருகிறது. வயிற்றில் தையல், ஆழமாக மூச்சு இழுத்தால் வலிக்கிறது, அதனால் மேலோட்டமாக மூச்சு விடுகிறார். சளி கீழேயே தேங்குகிறது. மூன்றாம் நாள் காய்ச்சல். எக்ஸ்ரேயில் நிமோனியா. மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கையில் கொடுப்போம். ஸ்பைரோமீட்டர் என்று பெயர். பத்துப் பேரில் எட்டுப் பேர் அதை பலூன் மாதிரி ஊதுவார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி மெதுவாக இழுத்து, பந்தை மேலேயே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வீட்டில் பழகிவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வாந்தி, புகைப்பவர்களுக்குச் சற்றுக் குறைவு. மயக்க மருந்து டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். புகையால் கிடைக்கிற லாபம் என்று நான் பார்த்தது அது ஒன்றே. வாந்திக்கு நல்ல ஊசி இருக்கிறது.

எனக்கு முதுகுலதான் ஊசி போடுவாங்களாம். அப்ப பரவாயில்லையா?

டியூப் பிரச்சினை இல்லை, சரி. ஆனால் காயம் ஆற வேண்டுமே. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனைப் பறிக்கும். இரண்டும் சேர்ந்தால் தையல் போட்ட தோலுக்குச் சாப்பாடு போய்ச் சேராது. சீழ் பிடிப்பது, தையல் விடுவது, எலும்பு சேராமல் இழுப்பது எல்லாம் புகைப்பவர்களுக்கு அதிகம். சர்க்கரை நோயோடு காலில் புண் உள்ளவர்களுக்கு இது விரலை மட்டும் எடுப்பதா, முழங்கால்வரை எடுப்பதா என்கிற கேள்வி.

ஹெர்னியாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டை தூக்கியே வயிறு விட்டுப்போனவர்கள் எங்கள் பக்கம் நிறைய. துறைமுகம், கொருக்குப்பேட்டை கோடவுன், மூலக்கடை இரும்புக்கடை என்று எங்கிருந்தும் வருவார்கள். வலை வைத்துத் தைத்து அனுப்புகிறோம். அன்று ராத்திரியே தொண்டையைக் கிழிக்கிற மாதிரி இருமுகிறார்கள். ஒவ்வொரு இருமலும் அந்தத் தையல் மேல் ஒரு மூட்டை. தலையணையை மடித்து வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமச் சொல்லித் தருவோம். உதவும்தான். ஆனால் இருமலே இல்லாத வயிறு போல வராது. ஹெர்னியா திரும்பி வருவதும் புகைப்பவர்களுக்குத்தான் கூடுதல்.

உண்மையைச் சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுடுவாங்களோ?

ஃபிட்னஸ் வரிசையில் தினமும் நடக்கிற நாடகம் இது. டாக்டர் கேட்பார், “பீடி, சிகரெட்?” வந்தவர் பேசமாட்டார். பக்கத்தில் நிற்கிற மனைவி, “அதெல்லாம் விட்டுட்டாரு சார்” என்பார். எப்போது என்று கேட்டால், “ஒரு வாரம்” என்பார். அதற்குள் ஐயாவின் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டின் முனை எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்காட்டி விரல் நுனி மஞ்சள் பூத்திருக்கும். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதுவார்.

தள்ளிப்போட வாய்ப்பு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். நெஞ்சில் இழுப்பு இருந்தாலோ சளிக் காய்ச்சல் இருந்தாலோ, அவசரமில்லாத ஆபரேஷனைச் சில வாரம் ஒத்திவைப்பார்கள். நுரையீரல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். லீவு போட்டு, துணைக்கு ஆள் பிடித்து வந்தவருக்கு அது எரிச்சல்தான். ஆனால் பொய் சொல்லி மேஜையில் படுத்தால், உள்ளே இழுப்பு வரும்போது டாக்டர் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார். தெரிந்திருந்தால் முன்கூட்டியே நெபுலைசர் வைத்திருப்பார், வேறு மருந்து எடுத்திருப்பார். ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது என்று மூன்றையும் சொல்லுங்கள். குடும்பத்தார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், “டாக்டர், கொஞ்சம் தனியா” என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

நான் சிகரெட் தொட்டதே இல்லை. பீடிதான்.

பீடியில் புகையிலை குறைவு, இலையில் சுற்றியது, இயற்கையானது என்று ஒரு நம்பிக்கை. என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். பீடி இலைக்குள் காற்று எளிதில் புகாது, அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கிறீர்கள். ஃபில்டரும் கிடையாது. கார்பன் மோனாக்சைடும் தாரும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன. சுருட்டுக்கும் சலுகை கிடையாது.

புகையே இல்லை. வாயில அடக்குற ஹான்ஸ், மாவா மட்டும்.

நிகோடின் அதிலும் இருக்கிறது, பி.பி.யும் நெஞ்சுத் துடிப்பும் ஏறத்தான் ஏறும். அதைவிட மயக்க மருந்து டாக்டரைப் பயமுறுத்துவது வேறு. வாயைத் திறக்கச் சொல்லி, உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாகப் பல் நடுவே வைக்கச் சொல்வார். மூன்றும் நுழைந்தால் நிம்மதி. பல வருஷமாகப் பாக்குக் கலந்ததை அடக்கிவைத்தவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் தோல்பட்டை மாதிரி இறுகி, இரண்டு விரல், சிலருக்கு ஒரு விரல்தான் நுழையும். அந்த வாயில் டியூப் வைப்பது பெரிய வேலை. முன்கூட்டியே தெரிந்தால் மூக்கு வழியாக, கேமரா வைத்து என்று வேறு ஏற்பாடு செய்வார்கள். வாய் சரியாகத் திறக்காவிட்டால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் அதையும் காட்டுங்கள்.

குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை செய்யப்பட்டவை. எங்கே கிடைக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எண்ணூர்ல இருந்துக்கிட்டு பீடியை விட்டு என்ன ஆகப்போகுது? காத்தே புகைதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் எனக்குக் கோபம் வராது. ஒரு பக்கம் அனல்மின் நிலையம், மறுபக்கம் மணலி ஆலைகள், நடுவில் கன்டெய்னர் லாரி வரிசை. 2023 டிசம்பரில் அமோனியா கசிந்த ராத்திரி பெரியகுப்பத்தில் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியதை மறக்க முடியுமா? அந்த நியாயம் தனியாகக் கேட்கப்பட வேண்டியது.

ஆனால் உடம்புக்கணக்கு வேறு. ஊர்க் காற்று எவ்வளவு கெட்டிருந்தாலும் ஏராளமான நல்ல காற்றோடு கலந்துதான் வருகிறது. பீடிப் புகை கலப்பில்லாமல், விரல் நுனியிலிருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. ஏற்கெனவே அடி வாங்குகிற நுரையீரல் என்பதால்தான் உங்களுக்கு இது இன்னும் அவசரம். அண்ணா நகரில் இருக்கிறவரைவிட உங்களுக்குக் கையிருப்பு குறைவு.

காலைல ஒரு தம் போட்டாத்தான் வெளிக்குப் போக முடியுது. விட்டா மலச்சிக்கல் வருமே?

சிரிக்க வேண்டாம். ஆண்கள் விடாமல் இருப்பதற்கு நான் கேட்டதிலேயே முதல் காரணம் இது. நிகோடின் குடலைத் தூண்டுகிறது என்பது உண்மை. விட்டால் சிலருக்குச் சில வாரம் சிக்கல் வரும். எழுந்ததும் ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர், தினமும் கீரை, கொய்யா, வாழைப்பழம். போதவில்லையென்றால் ராத்திரி இசப்கோல். அதே நேரத்துக்கு, வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காருங்கள். குடல் பழகிக்கொள்ளும். தையல் போட்ட வயிற்றோடு முக்கக்கூடாது என்பதால், இதை ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களிலேயே சரிக்கட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

விட்ட முதல் வாரம் எப்படி இருக்கும்?

மோசமாக. இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, பசி, எதிலும் மனம் நிற்காமை, சிலருக்கு வாய்ப்புண். 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தம் வேண்டும் என்கிற வெறி ஒவ்வொரு முறையும் சில நிமிஷம்தான் நிற்கும். அந்த நிமிஷங்களுக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கலாம், ஒரு கிராம்பை வாயில் போடலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம பக்கம் டீயும் தம்மும் ஒட்டிப்பிறந்தவை. அதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. புகைக்கிற உடம்பு காஃபினை வேகமாகக் கரைத்துவிடும். விட்டதும் அந்த வேகம் குறைகிறது. அதே ஆறு டீ குடித்தால் இப்போது ரத்தத்தில் காஃபின் கூடுதலாக நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதனாலும் வரும். நீங்களோ புகை விட்டதால் என்று நினைத்துக்கொள்வீர்கள். டீயைப் பாதியாக்குங்கள். கொஞ்ச நாள் கடையில் நின்று குடிக்காமல் வீட்டில் குடியுங்கள்.

இதே காரணத்தால் சில மாத்திரைகளின் அளவும் மாற வேண்டியிருக்கும். வீசிங்குக்கு டெரிஃபிலின் எடுப்பவர்கள், மனநல மருந்துகளில் ஓலன்சபின், குளோசபின் எடுப்பவர்கள், அப்புறம், காரணம் வேறென்றாலும், இன்சுலின் போடுகிறவர்கள் எல்லாரும் புகையை விடப்போவதை அந்தந்த டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நிகோடின் சூயிங்கம் போடலாமா? அதுவும் நிகோடின்தானே?

நிகோடின்தான். ஆனால் கார்பன் மோனாக்சைடு இல்லை, தார் இல்லை, அளவும் குறைவு. ஆபரேஷனுக்கு முன்னால் தம் அடிப்பதைவிடப் பல மடங்கு மேல். 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் தம் தேடுகிறவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதற்கு டாக்டரிடம் கேளுங்கள்.

மெல்லுகிற விதம் தெரியாமல்தான் பாதிப் பேர் “குமட்டுது” என்று தூக்கிப் போடுகிறார்கள். பபுள்கம் மாதிரி மெல்லக்கூடாது. நாலைந்து கடி மெதுவாகக் கடியுங்கள். நாக்கில் சுரீர் என்று ஒரு காரம் தெரியும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். காரம் போனதும் மறுபடி இரண்டு கடி. அரை மணி நேரம் இப்படி. எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்து டீ, காபி, ஜூஸ் வேண்டாம்.

தோலில் ஒட்டுகிற பேட்ச், புப்ரோபியான், வரெனிக்ளின் மாத்திரைகளும் உண்டு. மாத்திரைகள் டாக்டர் எழுதினால் மட்டும். ஆபரேஷன் அன்று காலையில் எதைப் போடலாம், எதைக் கழற்றவேண்டும் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சூயிங்கமும் வாயில் போடுகிற பொருள்தான், பட்டினி நேரத்தில் கேட்காமல் போடாதீர்கள்.

ஒரேயடியா முடியலை. இருபதை அஞ்சாக் குறைச்சா போதாதா?

குறைத்தவர்கள் ஒவ்வொன்றையும் கடைசிவரை, ஆழமாக இழுக்கிறார்கள். ஐந்தும் பத்துக்குச் சமமாகிவிடுகிறது. குறைப்பது படியாக இருந்தால் சரி. வீட்டுத் திண்ணையாக ஆக்கி உட்கார்ந்துவிட வேண்டாம்.

போட்ல எல்லாரும் பிடிக்கிறாங்க. கடல்ல பத்து நாள் எப்படி விடுறது?

காசிமேட்டு ஆட்கள் கேட்கிற கேள்வி. நடுராத்திரி வலை இழுத்துவிட்டு, ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும்போது நாலு பேர் நடுவில் ஒருவர் மட்டும் விடுவது கஷ்டம்தான்.

நாட்காட்டியைப் பாருங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 8 வாரத்துக்கு மேல். வாரக்கணக்கை உங்களுக்காகவே போட்ட மாதிரி இருக்கிறது. ஹெர்னியாவோ மூலமோ செய்துகொள்ள நினைப்பவர்கள் தடைக்காலம் ஆரம்பித்ததும் டாக்டரைப் பார்க்க வருகிறார்கள். தடைக்கு ஒரு மாதம் முன்பே வந்து தேதி பேசிவிட்டு, தடை தொடங்கும் அன்று பீடியை நிறுத்தி, மே நடுவில் ஆபரேஷன் வைத்துக்கொண்டால் முன்னால் 4 வாரம், பின்னால் ஆற 4 வாரம். கனமான வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தடைக்காலத்தில் கரையில் வேலை இல்லை, கையில் காசும் இல்லை, படகு ரிப்பேர் பார்த்துக்கொண்டு வலை பின்னும் இடத்தில் கும்பலாக உட்காருவது. அப்போதுதான் கட்டு கட்டாகப் போகிறது என்று ஒரு அண்ணனே என்னிடம் சொன்னார். உட்காரும் இடத்தை மாற்றினால்தான் நடக்கும்.

வேப் அடிக்கலாமா?

இந்தியாவில் மின்சிகரெட்டை 2019-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். விற்பதே குற்றம். உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. டாக்டர் கேட்டால் அதையும் சொல்லுங்கள்.

அவசர ஆபரேஷன்னா?

குடல்வால் வெடிக்கப்போகிறது என்றால் நாலு வாரம் காத்திருக்க முடியாது. கடைசியாக எப்போது பிடித்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வார்டில் கண் விழித்த நேரத்திலிருந்து உங்கள் கணக்கு தொடங்கட்டும்.

வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். நாங்க என்ன செய்யணும்?

தினமும் சட்டைப் பையைச் சோதிக்காதீர்கள். அது வேலைக்கு ஆவதில்லை. மாடிப்படிக்கடியில் போய்ப் பிடிப்பார். முதல் வாரம் அவர் கத்தினால் பதிலுக்குக் கத்தாமல் இருக்க முடிந்தால் பெரிய உபகாரம். வீட்டில் வேறு யாராவது பிடித்தால், அண்ணனோ மகனோ, அவர்களும் சேர்ந்து நிறுத்துவது எல்லாவற்றையும்விட உதவும். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரு அறை, ஒரு ஜன்னல். அதில் ஒருவர் பிடித்தால் எல்லாரும் பிடித்த மாதிரிதான்.

குழந்தைக்கு டான்சில், குடலிறக்கம் என்று ஆபரேஷன் இருந்தால் அப்பாவும் தாத்தாவும் இதைக் கவனியுங்கள்: வீட்டில் புகை சுவாசிக்கும் குழந்தைகளுக்கும் மயக்கத்தின்போது மூச்சுக்குழாய் தொந்தரவு அதிகம். ஃபிட்னஸ் சமயத்தில் “வீட்டில் யாராவது புகைக்கிறார்களா” என்று கேட்பது வேண்டாத விசாரணை இல்லை.

ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. ஒரு சாவுக்குப் போன இடத்துல ஒண்ணு பிடிச்சிட்டேன்.

ஒன்றோடு நிறுத்துங்கள். அதிகம் பேர் விழுவது அங்கேதான், இரண்டாவது இடம் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி. “போச்சு, இனி என்ன” என்று மறுநாள் ஒரு கட்டு வாங்குவதுதான் தப்பு. என் அப்பா நான்கு முறை விட்டார். ஐந்தாவது முறைதான் நின்றது.

வயசு 58. இனிமே விட்டு என்ன பிரயோஜனம்?

பிரிட்டனில் டாக்டர்களையே 1951 முதல் 50 வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. அதன் முடிவு 2004-ல் வந்தது. 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 வருஷ ஆயுள் கூடுதலாகக் கிடைத்தது. 50-ல் விட்டால் 6, 40-ல் 9, 30-ல் 10. மாரடைப்பு ஆபத்தில் புகையால் கூடிய பங்கு ஒரே வருஷத்தில் ஏறக்குறைய பாதியாகிறது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாவதற்குப் பத்து வருஷம் பிடிக்கும்.

எடை கூடுமா என்று அடுத்த கேள்வி வரும். கூடும், ஒரு வருஷத்தில் சராசரியாக 4, 5 கிலோ. சர்க்கரை இருந்தால் கவனம் வேண்டும். ஆனால் அந்த ஐந்து கிலோவுக்குப் பயந்து பீடியைப் பிடித்துக்கொண்டிருப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

தனியா முடியலை. யாரைக் கேக்கலாம்?

1800-11-2356. மத்திய அரசின் இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். இதை எழுதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை, நீங்கள் வாங்குகிற பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்துக்குக் கீழேயே அச்சடித்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் 104-லும் ஆலோசனை கேட்கலாம். நேரில் போக வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ “புகையிலை விட ஆலோசனை எங்கே” என்று கேளுங்கள். நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனை. மனநலப் பிரிவு என்றதும் பயப்படுகிறார்கள், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் உங்களைப் போலப் பழக்கத்தை விட வந்தவர்கள்தான். ஓ.பி. சீட்டு போடுவது காலையில், சீக்கிரம் போனால் வரிசை குறைவு. போகும் வழியில் டீக்கடைப் பக்கம் திரும்ப வேண்டாம்.